சிபில் குறைந்தால் யார் பெயரை எடுப்பார்கள்?

வங்கி மேலாளர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் மனைவியின் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குத் தரும் மதிப்பெண், 791. என்னுடையது 648. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

2024 தொடக்கம் அது. குன்றத்தூர் பக்கம் 50 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட். 30 லட்சத்துக்கு மேல், 75 லட்சம் வரையான வீட்டுக் கடன் என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் 40 லட்சம் கடன், மீதி கைக்காசு என்று கணக்குப் போட்டுப் போயிருந்தோம். என் சம்பளம் 58 ஆயிரம், அவளுக்கு 34 ஆயிரம். பெரிய சம்பளம் என்னுடையது என்பதால், பெரிய ஸ்கோரும் எனக்குத்தான் இருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். என்னிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மாரட்டோரியம் (தவணையைத் தள்ளிப்போடும் சலுகை) எடுத்ததால் அந்த மாதங்களில் சிபில் ரிப்போர்ட்டில் கறை விழவில்லை. வினை செப்டம்பரில் ஆரம்பித்தது. ரிப்போர்ட்டில் மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டினால் 000. என் கட்டங்களில் தாமதமான நாள் கணக்கு 030, 060, 090 என்று படி ஏறியிருந்தது. 2021இல் வசூல்காரர் போனில் வந்து, "86 ஆயிரத்துக்கு 50 ஆயிரம் கட்டுங்க சார், செட்டில் பண்ணிடலாம்" என்றார். கட்டிவிட்டு, 36 ஆயிரம் லாபம் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டில் சொல்லவில்லை. அந்தக் கணக்கு 'க்ளோஸ்டு' ஆகவில்லை, 'செட்டில்டு' என்றுதான் பதிவாகியிருந்தது. முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்த ஆள் என்று அதற்கு அர்த்தம்.

அந்த லாபத்தின் விலையை மேலாளர் காகிதத்திலேயே போட்டுக் காட்டினார். 40 லட்சம், 20 வருடம். 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 34,713. என் ஸ்கோரால் 9.25க்குப் போனால் 36,635. மாதம் 1,922 ரூபாய் அதிகம். இருபது வருடத்துக்குப் பெருக்கினால் 4 லட்சத்து 61 ஆயிரம்.

அவள் பெயரில் மட்டும் வாங்கலாமே என்று கேட்டேன். 34 ஆயிரம் சம்பளத்துக்குப் பத்தொன்பது, இருபது லட்சத்தைத் தாண்டாது என்றார். இருவர் சேர்ந்து வாங்கினால் யார் ஸ்கோரைப் பார்ப்பீர்கள் என்றும் கேட்டேன். அது இடத்துக்கு இடம் மாறுமாம். புருஷன் பெண்டாட்டி என்பதற்காக இரண்டு ஸ்கோரையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எடுப்பதெல்லாம் கிடையாது. ஆனால் கடன் மட்டும் இருவர் தலையிலும் முழுசாக நிற்கும். நான் நாளைக்குத் தவணை தவறினால் அவளுடைய 791உம் சரியும்.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எனக்குத் தெரியாம இன்னும் என்னென்ன இருக்குங்க?"

ஜாதகத்தோடு சிபில் ரிப்போர்ட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மீம் போடுகிறார்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறு.

அந்த ஒரு மணி நேரத்தில், "சார் பெயரை எடுத்துவிடலாம்" என்று மேலாளர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மேடம் ஸ்கோர் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு உதவும் என்றுதான் சொன்னார். என் அக்கா வீட்டில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். மாமாவுக்கு 780. அக்காவுக்கு -1. அவள் கார்டு வைத்துக்கொண்டதில்லை, தவணையில் எதுவும் வாங்கியதில்லை. இருபது வருடமாகச் சீட்டுக் கட்டுகிறாள். அவசரத்துக்குத் தெருமுனை அடகுக் கடை. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் ஏலச்சீட்டும் அடகுக் கடையும் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. -1 என்றால் கெட்ட பெயர் இல்லை, பெயரே இல்லை என்று அர்த்தம். கடன் வாங்கிக் கொடுக்க வந்த ஏஜென்ட், "மேடம் பேர் வேண்டாம் சார், ஃபைல் லேட் ஆகும்" என்றார். சரி என்று எடுத்துவிட்டார்கள்.

சொத்தில் பங்குள்ள எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் பொதுவாக வங்கிகள் கேட்கின்றன. அதனால் கடனிலிருந்து பெயரை எடுத்தால் பத்திரத்திலிருந்தும் போய்விடுகிறது. முன்பணத்துக்கு விற்றது அக்காவின் 12 பவுன். பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. தவறு செய்த என் பெயர் நிற்கிறது, தவறே செய்யாத அவள் பெயர் போய்விட்டது. ஸ்கோர் வித்தியாசம் வட்டியை வேண்டுமானால் கூட்டட்டும், பத்திரத்தில் யார் பெயர் என்பதை அது ஏன் முடிவு செய்ய வேண்டும்? -1 உள்ளவரை இணை விண்ணப்பதாரராக ஏற்கிற வங்கிகள் இருக்கின்றன. அந்த ஏஜென்ட்டுக்கு இன்னும் நாலு இடம் கேட்கப் பொறுமையில்லை, மாமாவுக்கும் இல்லை. இது வங்கி விவகாரம் என்று யாராவது கமெண்டில் வந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். விட்ட பாக்கி 36 ஆயிரத்தைக் கட்டினேன், பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்கினேன். அப்படியும் 'செட்டில்டு' மாறவில்லை. புகார் போட்டேன். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதி நடைமுறைக்கு வந்திருந்தது. அதையும் புகாரில் எழுதிவைத்தேன். முப்பது நாளுக்குள் மாறிவிட்டது. அதற்காக ஸ்கோர் மறுநாளே எகிறிவிடாது. மாதத்துக்கு ஏழு, எட்டு என்று ஊர்ந்துதான் ஏறியது. நடுவில் ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார் ஒரு நண்பர். நல்லவேளை கேட்கவில்லை. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகி ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கும். நம் ஸ்கோரை நாமே பார்த்தால் இறங்காது. சிபில் உட்பட, ஸ்கோர் போடும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும், 2017இலிருந்து இது விதி.

குன்றத்தூர் ஃபிளாட் கைவிட்டுப் போனது. என் ஸ்கோர் இப்போது 722. இந்த முறை முதல் விண்ணப்பதாரர் அவள்தான். சில வங்கிகளில் பெண்களுக்கு 0.05 சதவீதம் வட்டிச் சலுகை உண்டு, பெரிய தொகை இல்லை, இருக்கட்டும். பத்திரத்தில் இரண்டு பெயரும் வரும். "வீடு பொண்டாட்டி பேர்லயா?" என்று பெரியப்பா இப்போதே கேட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. என் ரிப்போர்ட்டையும் அவள் ரிப்போர்ட்டையும் பிரிண்ட் எடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாள்.