பென் குரோகியிடம் எத்தனை முறை கேட்டார்கள்

"ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளைதான், ஆனாலும் அமெரிக்காவுக்காக ஜப்பான் மேலேயே குண்டு போடப் போனவர். தேசப்பற்று என்றால் இப்படி இருக்கணும்!" என்று, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த பென் குரோகியைப் புகழ்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர் வீரத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. தேசப்பற்றை நிரூபி என்று திரும்பத் திரும்பக் கேட்டு அந்த மனிதனை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை அது அப்படியே மூடி மறைக்கிறது.

குரோகி 1917-இல் நெப்ராஸ்காவில் பிறந்தவர். ஜப்பானிலிருந்து வந்து குடியேறிய பெற்றோர், உருளைக்கிழங்கு விவசாயம், பத்துப் பிள்ளைகள். 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதும் மகன்களைப் பட்டாளத்தில் சேரச் சொன்னவரே அப்பாதான். பென்னும் தம்பி ஃபிரெட்டும் போனார்கள். முதலில் போன இடத்தில் இழுத்தடித்தார்கள். பிறகு 150 மைல் தள்ளியிருந்த கிராண்ட் ஐலண்ட் ஊரின் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, "நாங்கள் ஜப்பானிய வம்சாவளி, பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். சேர்க்கிற ஒவ்வொரு ஆளுக்கும் தனக்கு இரண்டு டாலர் கிடைக்கும், தாராளமாக வாருங்கள் என்றாராம் அங்கிருந்தவர்.

சேர்ந்த பிறகும் விடிவில்லை. கூட இருந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் உருளைக்கிழங்கு விளைவித்த பையனுக்கு முகாமில் உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை. அப்புறம் 93-வது குண்டுவீச்சுக் குழுவில் எழுத்தர் வேலை. குழு வெளிநாடு கிளம்பியபோது, என்னை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று மேலதிகாரியிடம் கெஞ்சித்தான் கூடப் போனார். இங்கிலாந்தில் இருந்தபோது பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி பிடிக்கும் இடம் கிடைத்தது. விமானி இருக்கையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால்தான் போர் முழுவதும்.

1943 ஆகஸ்ட் 1. ருமேனியாவின் பிளோயெஸ்டி எண்ணெய் ஆலைகள் மேல் தாழப் பறந்து தாக்கப் போன 177 விமானங்களில் 50-க்கும் மேற்பட்டவை அழிந்தன. குரோகி உயிரோடு திரும்பினார். 25 முறை பறந்தால் ஊருக்குப் போகலாம் என்ற நிலையில் 30 முறை பறந்தார். அதன் பிறகு ஊர் திரும்பியவரோடு டென்வரில் ஒரே டாக்சியில் ஏற மாட்டேன் என்றான் ஒருவன். மார்பில் பதக்கங்கள் இருந்தன. அவன் பார்த்தது முகத்தை மட்டும்தான்.

போதாதா? போதவில்லை. பசிபிக் போர்முனைக்குப் போக விரும்பினார். ஜப்பானிய வம்சாவளியினருக்கு அங்கே விமானப் போரில் இடமில்லை என்று விதி. போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சனே விலக்குக் கொடுத்த பிறகுதான் பி-29 குண்டுவீச்சு விமானத்தில் ஏற முடிந்தது. பசிபிக் கடலில் உள்ள டினியன் தீவிலிருந்து ஜப்பான் மேல் 28 முறை. அந்தத் தீவில் இரவில் தனியாக வெளியே போகக்கூட முடியாது. ஒளிந்திருக்கும் எதிரி என்று நினைத்துக் காவல்காரனே சுட்டுவிடலாம் என்பதால் விமானத் தோழர்கள் கூடவே போவார்கள். கடைசியில் அங்கே அவரைக் காயப்படுத்தியது எதிரி இல்லை. இனத்தைச் சொல்லித் திட்டிய இன்னொரு அமெரிக்கச் சிப்பாயின் கத்திதான் அவர் தலையைக் கிழித்தது.

இப்போது இன்னொருவரைப் பாருங்கள். ஐரோப்பாவில் அமெரிக்கக் குண்டுவீச்சுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய கார்ல் ஸ்பாட்ஸ், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவரின் பேரன். ஜெர்மன் நகரங்கள் மேல் குண்டு போட அவருக்கு யாரிடமும் விலக்குக் கடிதம் தேவைப்படவில்லை. தளபதியாகவே இருந்தார்!

குரோகியிடம் எனக்கு நெருடுகிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1942-இல் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவுக்குப் பிறகு மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். நெப்ராஸ்காவில் இருந்ததால் குரோகியின் குடும்பம் தப்பியது. 1944-இல் ஆள் சேர்ப்பதற்காக ராணுவம் இவரை அந்த முகாம்களுக்கு அனுப்பியது. ஹார்ட் மவுண்டன் முகாமில் சில இளைஞர்கள், "எங்கள் குடும்பங்களை முள்வேலிக்குள் வைத்துக்கொண்டு எங்களைப் போருக்குக் கூப்பிடுவீர்களா?" என்று மறுத்தார்கள். 63 பேரை ஒரே வழக்கில் தண்டித்தார்கள். அவர்களைத் தேசத்துக்கு ஆகாதவர்கள் என்கிற மாதிரி குரோகி கடுமையாகப் பேசினார். அது தவறு என்றே நினைக்கிறேன். பெற்றோர் வேலிக்கு வெளியே இருந்த ஒருவர், உள்ளே இருந்தவர்களைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையா அது? ஆனால் 27 வயதுக்குள் இவ்வளவு பட்ட ஒருவர் அப்படிப் பேசியது எனக்குப் புரியாமலும் இல்லை.

1947-இல் அதிபர் ட்ரூமன் அந்த இளைஞர்களுக்கு மன்னிப்பு அளித்தார். 1988-இல் அமெரிக்க அரசு முகாம் வாழ்க்கைக்கு மன்னிப்புக் கேட்டது. குரோகிக்கு உயரிய சேவைப் பதக்கம் 2005-இல்தான் வந்தது, அப்போது அவருக்கு 88 வயது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் தாராளமாகக் கொண்டாடட்டும், நானும் கூட நிற்கிறேன். அந்த 63 பேரை மட்டம் தட்ட அவர் பெயரை எடுக்காதீர்கள்.