விற்பனை சரியும் என்று தெரிந்தேதான் இறங்க வேண்டும்

விலை மலிவான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் தயாரிப்பை ஒரு கம்பெனி நிறுத்தினாலே போதும், "இப்பல்லாம் யாருங்க இதை வாங்குறாங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். இரண்டு சீட் காருக்காகக் காத்திருப்பவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே வாங்கி முடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு விற்பனை சரியாமல் என்ன செய்யும்? அந்தச் சரிவைப் பார்த்துப் பதறும் கம்பெனிகள் மேல்தான் எனக்குக் கோபம்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் போன்டியாக் பிராண்டில் விற்ற பியரோ என்ற இரண்டு சீட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வந்தது, முதல் வருட உற்பத்தியே 1,36,000-க்கு மேல். ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் இரவல் சாமான். முன்பக்க சஸ்பென்ஷன் (சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) அதே கம்பெனியின் சின்னக் காரான செவ்ரோலே செவெட்டிலிருந்து வந்தது; பின்பக்கத்துக்கு, முன்சக்கரம் இழுக்கும் செவ்ரோலே சிட்டேஷன் காரின் முன்பாகத்தை அப்படியே தூக்கி வைத்தார்கள். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டினால் ஆபீஸ் போகிற கார். போதாக்குறைக்கு ஆயில் குறைந்தால் இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து, ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டித் தீப்பிடித்த சம்பவங்கள் வேறு. பெயர் கெட்டது, விற்பனையும் விழுந்தது. கடைசியில் 1988-இல்தான் இந்தக் காருக்கென்றே புது சஸ்பென்ஷன் செய்தார்கள், அதே வருடமே காரையும் நிறுத்தினார்கள்! இன்றைக்குப் பியரோ பிரியர்கள் தேடி அலைவது அந்த 1988 மாடலைத்தான்.

இதற்கு நேர்மாறு, ஜப்பானின் மாஸ்டா கம்பெனி செய்யும் மியாட்டா என்ற இரண்டு சீட் கார். அது 1989-இல் வந்தது. 1990-இல் அமெரிக்காவில் மட்டும் 35,000-க்கு மேல் போனது, பிற்பாடு அங்கேயே வருடத்துக்கு 10,000 கூடத் தேறாத காலமும் வந்தது. மாஸ்டா அசரவில்லை. இத்தனை வருடத்தில் நான்கே தலைமுறை, இன்றும் எடை ஏறக்குறைய ஒரு டன்தான், சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது.

பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் தாக்குப்பிடிக்கலாமே என்பீர்கள். சரி, மாஸ்டா ஒன்றும் ஜெனரல் மோட்டார்ஸ் அளவு பணக்காரக் கம்பெனி இல்லை. செலவைப் பங்குபோட ஃபியட்டைச் சேர்த்துக்கொண்டு, அவர்களின் 124 ஸ்பைடர் என்ற இரண்டு சீட் காரையும் தன் ஹிரோஷிமா தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்தது. இன்ஜின் ஃபியட்டுடையது, அடித்தளம் மியாட்டாவுடையது. நாலைந்து வருடத்தில் ஃபியட் போதும் என்று ஒதுங்கிக்கொண்டது. மியாட்டா இன்னும் விற்பனையில் இருக்கிறது.