கூர் கத்தி பயிற்சியை உண்மையாக்காது

தற்காப்புக் கலை சொல்லிக்கொடுப்பவர்கள் நடுவில் ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. "ரப்பர் கத்தியை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி? நிஜக் கத்தியைக் காட்டினால்தான் பையனுக்குப் பயம் தெளியும்." ரீல்ஸ் வந்த பிறகு இதைப் பேச்சோடு நிறுத்தாமல் செய்தும் காட்டுகிறார்கள். தீட்டிய கத்தியை மாணவன் கழுத்துக்கு நேரே நீட்டுகிறார் மாஸ்டர். மாணவன் தட்டிவிட்டு மணிக்கட்டை முறுக்குகிறான், கத்தி கீழே விழுகிறது, சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். கீழே கமெண்டில் எல்லோரும் 'இதுதான் ரியல் டிரெயினிங்' என்கிறார்கள்.

நான் பல வருடமாக அர்னிஸ் பழகுகிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கலை. காளி, எஸ்க்ரிமா என்றும் சொல்வார்கள். 2009-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் சட்டம் போட்டே அறிவித்தது. பிரம்புக் கழியும் கத்தியும்தான் இதில் பிரதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். கூர் கத்தியால் காயம் படும் என்பதைச் சொல்ல நான் தேவையில்லை. அது பயிற்சியைப் பொய்யாக்கிவிடுகிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

அந்த வீடியோவை இன்னொரு முறை, சத்தத்தை நிறுத்திவிட்டு, கத்தி பிடித்த கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். குத்து வரும்போதே முழங்கை நீண்டுவிடும். உடம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே கை நின்றுவிடும். நின்ற கை அங்கேயே நிற்கும். மாணவன் பிடித்து, முறுக்கி, பிடுங்கி முடிக்கிற வரைக்கும் அது பின்னால் போகாது. இன்னொரு கை இடுப்போரம் சும்மா தொங்கும். காரணம் எளிது. கத்தி பிடித்திருப்பவர் கொலைகாரர் இல்லை. தன் மாணவன் மேல் பட்டுவிடக் கூடாது என்று அவர் உடம்பே பிரேக் போடுகிறது. கத்தி எவ்வளவு கூரோ அவ்வளவு பிரேக். அப்போது அந்தப் பையன் எதைப் பழகினான்? குத்த மனமில்லாத ஒரு கையைத் தட்டிவிடப் பழகினான்.

சிசிடிவியில் பதிவான தாக்குதல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல சமயம் கத்தி கண்ணில் படுவதே கடைசி நொடியில்தான். ஒரு கை சட்டையைப் பிடித்து இழுக்கும் அல்லது தள்ளும். மற்ற கை நிற்காமல் போய்ப்போய் வரும். 'கையாலதான் குத்துறான்னு நினைச்சேன், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது' என்று சொன்னவர்கள் உண்டு. இதற்குத் தயாராக வேண்டுமென்றால் பார்ட்னர் அந்த வேகத்தில், அந்த எண்ணத்தோடு வர வேண்டும். அவர் அப்படி வர வேண்டுமென்றால் கையில் இருப்பது என்னைக் கிழிக்காத பொருளாக இருக்க வேண்டும். என் கண்ணும் பல்லும் தொண்டையும் மூடியிருக்க வேண்டும். பாதுகாப்பு கூடினால்தான் எதிரே நிற்பவர் நேர்மையாகத் தாக்க முடியும். பாதுகாப்பா, நிஜமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு.

நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை இது. ஜப்பானில் வாள் பழகியவர்கள் நெடுங்காலம் மரவாளை வைத்து, யார் எப்போது எங்கே வெட்டுவது என்று முன்பே வகுத்த அசைவுகளைத்தான் செய்தார்கள். 18-ம் நூற்றாண்டில்தான் மூங்கில் பட்டைகளால் ஆன ஷினாயும் முகம், கை, மார்பை மூடும் கவசமும் பரவலாயின. மூங்கிலால் அடித்துக்கொள்வதெல்லாம் வாள் வித்தையா என்று அன்றைக்கும் பழித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் ஒருவர் தலையில் இன்னொருவர் நிஜமாகவே முழு வேகத்தில் அடிக்கவும், அதை நிஜமாகவே தடுக்கவும் முடிந்தது. இன்றைய கெண்டோ அங்கிருந்து வந்தது. ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கியபோது செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். முழு பலத்தோடு பழகினால் எதிராளியை முடமாக்கிவிடும் பிடிகளை ஒதுக்கி வைத்தார். மிச்சமிருந்ததை முழு பலத்தோடு பழக விட்டார்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வாள்வீச்சின் கதை. 1982 ஜூலையில் ரோம் நகரில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேருடன் மோதினார். ஸ்மிர்னோவ் சாதாரண ஆள் இல்லை, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் என்ற வாள் பிரிவில் தங்கம் வென்றவர். ஆட்டத்தின் நடுவில் பேரின் வாள் உடைந்தது. உடைந்த முனை ஸ்மிர்னோவின் முகமூடி வலையைக் கிழித்து, கண் வழியாக மூளை வரை போனது. சில நாட்களில் இறந்துவிட்டார். உலகத்தின் மிகச் சிறந்த வீரர்கள், நடுவர், விதிமுறை எல்லாம் இருந்த இடத்தில் நடந்தது இது.

அதற்குப் பிறகு வாள்வீச்சு உலகம் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வாளின் எஃகை மாற்றினார்கள். எளிதில் விரிசல் ஓடாத மாரேஜிங் எஃகு வந்தது. முகமூடியின் வலையை உறுதியாக்கினார்கள், உடையின் துணியை மாற்றினார்கள். இன்றைக்கு சர்வதேசப் போட்டிக்கான உடை 800 நியூட்டன் விசையையும், முகமூடியின் கழுத்துப் பகுதி 1600 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னையின் பவானி தேவி களமிறங்கியதைப் பார்த்தோம், ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீரர். அவர் ஆடும் சேபர் என்ற வாள் பிரிவின் வேகத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் சாவும், அதிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டின் பொறுப்பும் இருக்கிறது. கத்திப் பயிற்சி நடத்துகிற நம்மில் எத்தனை பேர் கண்ணைக் காக்கும் ஒரு கண்ணாடியாவது வாங்கி வைத்திருக்கிறோம்?

சரி, நிஜத்தை எப்படிக் கொண்டுவருவது? அலுமினிய டம்மி கத்தியின் விளிம்பில் லிப்ஸ்டிக்கைத் தடவுங்கள். மாணவனுக்கு ஒரு பழைய வெள்ளை பனியனும், ஹார்டுவேர் கடையில் கிரைண்டிங் வேலைக்கு விற்கிற பாலிகார்பனேட் கண்ணாடியும் மாட்டுங்கள். பார்ட்னரிடம் 'பிடித்தால் கையை இழுத்துக்கொள், மறுபடி குத்து, சும்மா இருக்கும் கையையும் உபயோகி' என்று மட்டும் சொல்லுங்கள். சில நொடி போதும். நிறுத்திப் பார்த்தால் முன்கையின் உள்பக்கம், விலா, அக்குள், கழுத்தோரம் எல்லாம் சிவப்புக் கோடு. கத்தியைப் பிடுங்கிவிட்டேன் என்று சந்தோஷப்படுபவரின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லுங்கள். விரல் மடிப்புகளுக்குக் குறுக்கே ஒரு கோடு நிச்சயம் இருக்கும். எந்த மாஸ்டர் என்ன பேசினாலும் மாணவனின் மனதில் இவ்வளவு ஆழமாக இறங்காது. சிலம்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. குச்சி உடம்பைத் தொட்டதா இல்லையா என்பதுதானே அங்கே கணக்கு.

இதைச் செய்து பார்த்த மாணவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி, "மாஸ்டர், இதுக்கு ஓடிடறதே மேல் இல்லையா?" ஆமாம், மேல். கத்திப் பயிற்சியின் முதல் பாடமே அதுதான். 1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் அதிகாரி டென்னிஸ் டியூலர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வருபவர் 21 அடி தூரத்தை, அதாவது ஏழு கெஜத்தை, சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார் என்று ஆட்களை ஓடவிட்டுப் பார்த்துச் சொன்னார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துச் சுட ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே. பின்னால் வந்தவர்கள் அதை '21 அடி விதி' என்று சட்டம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அவர் பேசியது தூரத்தையும் நேரத்தையும் பற்றி. நம் வகுப்புகளில் எல்லா டிரில்லும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கத்தி பளிச்சென்று தெரிகிற நிலையில், 'ரெடியா?' என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறது. பின்னால் நகர்வது, நடுவில் ஒரு நாற்காலியைத் தள்ளுவது, கதவைச் சாத்துவது, சத்தம் போடுவது இதையெல்லாம் யாரும் பழக்குவதே இல்லை.

இதைச் சொன்னவுடன் 'அப்போ டிரில் எல்லாம் வேஸ்ட்டா' என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை. எங்கள் கலையில் ஹுபுத் என்று ஒரு டிரில் உண்டு. இருவரும் மாறி மாறித் தட்டி, தொட்டு, திருப்பி அடிப்பது. கைக்கு உணர்வு வர அது அருமையான பயிற்சி, எனக்கு ரொம்பப் பிடித்ததும் கூட. ஜூடோவிலும் அதன் தலைமைப் பள்ளியான கோடோகான் 1956-ல் வகுத்த கோஷின் ஜுட்ஸு என்ற தற்காப்புப் பயிற்சித் தொகுப்பில் 21 முறைகள் உள்ளன, அதில் மூன்று கத்திக்கு எதிரானவை. வடிவத்தைக் கற்க அவை வேண்டும். வடிவத்தைக் கற்றதையே சண்டை கற்றதாகச் சான்றிதழ் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். மெதுவாகச் செய்தாலும் இருவரும் ஒரே அளவு மெதுவாகச் செய்ய வேண்டும். குத்துபவர் நத்தை வேகம், தடுப்பவர் மின்னல் வேகம் என்றால் அது யாருக்கும் பயன்படாது.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் கத்தி வளைந்து கொடுக்கும்; அதனாலேயே மாணவர்கள் அலகைப் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். மரக்கத்தியில் சிராய் எழும்பும். அலுமினியம் எடையிலும் விறைப்பிலும் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும், ஆனால் கத்தியும் கத்தியும் மோதி மோதி விளிம்பில் பிசிறு கிளம்பிவிடும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் விரலை விளிம்போடு ஓட்டிப் பார்த்து, பிசிறு தட்டினால் அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அதுவே தோலைக் கிழிக்கும். பட்டால் ஷாக் அடிக்கிற கத்தி வெளிநாட்டுப் போலீஸ் பயிற்சியில் இருக்கிறது. நமக்கு லிப்ஸ்டிக் போதும். கண்ணுக்கு மட்டும் எந்தக் கத்தியும் பாதுகாப்பானது இல்லை. ரப்பர் முனையும் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி இல்லாதவருக்கு ஸ்பாரிங் (நேருக்கு நேர் மோதிப் பழகுவது) இல்லை, அவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும்.

அப்புறம், நிஜக் கத்தியும் டம்மியும் ஒரே பையில் இருக்கவே கூடாது. டம்மியின் பிடியில் பளிச்சென்ற நிறத்தில் டேப் சுற்றுங்கள். வகுப்பு தொடங்கும் முன் எல்லோரும் பாக்கெட்டைக் காலி செய்ய வேண்டும், மாஸ்டரும் சேர்த்துத்தான். பழக்க தோஷத்தில் பாக்கெட்டுக்குள் போகிற கை எதை உருவும் என்று நம்ப முடியாது.

எனக்குக் கோபம் வருகிற ஒரு காட்சி உண்டு. ஆண்டு விழாவிலும் 'சாதனை' நிகழ்ச்சியிலும் சிறு பிள்ளைகளைப் படுக்க வைத்து, வயிற்றில் வெள்ளரிக்காயையோ வாழைக்காயையோ வைத்து, மாஸ்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாளால் வெட்டுவது. அந்தப் பிள்ளை அதில் எதைக் கற்றுக்கொள்கிறது? அசையாமல் கிடக்க. பெற்றவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து போன் பிடிக்கிறார்கள். ஒரு குழந்தையின் உடம்பை மேடைப் பொருளாக்க எந்தக் கலைக்கும் உரிமை இல்லை. உங்கள் பிள்ளையை இப்படிப் படுக்கச் சொன்னால், மேடை என்று பார்க்காமல் எழுந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பள்ளி, கல்லூரிகளில் பெண்களுக்கு ஒரு நாள் முகாம் நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நிற்கிற கையிலிருந்து கத்தியைப் பிடுங்கக் கற்றுக்கொடுத்து, 'இனி உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்தப் பெண் அதை நம்பிவிடுவாள். செயினையோ போனையோ கேட்டால் எறிந்துவிட்டு ஓட வேண்டிய இடத்தில் நின்றுவிடுவாள். பிடுங்கிய கத்தியால் திருப்பிக் குத்துவதோடு முடிகிற டிரில்களும் நிறைய இருக்கின்றன. தற்காப்பு உரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமாகத் தீங்கு செய்ய அந்த உரிமை இல்லை என்று அதிலேயே இருக்கிறது. கத்தி கை மாறி, எதிராளி ஓட ஆரம்பித்த பிறகு குத்தினால் வழக்கு உங்கள் மேல் வரும். இதைச் சொல்லிக்கொடுக்காத மாஸ்டர் மாணவனை ஜெயிலுக்குத் தயார் செய்கிறார்.

கடைசியாக, ரத்தம். கத்தியைப் பற்றி இவ்வளவு பேசுகிற வகுப்புகளில் வெட்டுப்பட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கிடையாது. சுத்தமான துணி, துண்டு, துப்பட்டா எது கிடைக்கிறதோ அதைக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். ஊறினால் எடுக்காமல் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. குத்திய கத்தி உடம்பிலேயே இருந்தால் பிடுங்கக் கூடாது. அசையாதபடி சுற்றிலும் துணியை அணைத்துக் கட்டிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். எங்கள் ஞாயிறு வகுப்பில் இதை இப்போது ஒருவரை ஒருவர் படுக்க வைத்து, துண்டை அழுத்தியே பழகுகிறோம். நீங்களும் உங்கள் வகுப்பில் ஆரம்பியுங்கள். கண்ணாடி எங்கே வாங்குவது, எந்த அளவு சரியாக இருக்கும் என்பதையெல்லாம் கமெண்டில் கேளுங்கள், சொல்கிறேன்.