மேனேஜர் அனுப்பிய மிருகக்காட்சிசாலை

சாமிநாதன்: தம்பி, மேனேஜர்கிட்டேர்ந்து மெயில் வந்திருக்கு. படிச்சதுலேர்ந்து வயித்தைக் கலக்குது. எடுத்த எடுப்புலயே 'ப்ளீஸ் பேர் வித் மீ'ங்கறாரு. கரடியோடவா வர்றாரு?

கார்த்தி: ஐயோ அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு அர்த்தம். அந்த வினைக்கும் கரடிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. எழுத்துதான் ஒண்ணு. நம்ம 'ஆடு' இருக்கே, புல்லு திங்கிற ஆடும் மேடையில ஆடுறதும் சொந்தமா?

சாமிநாதன்: சில கல்யாணத்துல ஆடுறதைப் பார்த்தா சொந்தம் மாதிரிதான் தெரியுது. சரி விடு. அடுத்தது, கேள்வியை 'டக்' பண்ணாதேங்கறாரு. நான் எந்த வாத்தைப் பிடிச்சேன்?

கார்த்தி: குனிஞ்சு நழுவாதீங்கன்னு சொல்றாரு. இதுல வினைதான் மூத்தது. பழைய ஆங்கிலத்துல தண்ணிக்குள்ள முங்குறதுக்கு அந்தச் சொல். எந்நேரமும் முங்கிக்கிட்டே இருந்ததால பறவைக்கு அதே பேரு ஒட்டிக்கிச்சு.

சாமிநாதன்: கேள்வி கேட்டா முங்குறவனுக்கெல்லாம் அந்தப் பேரை வச்சா நம்ம செக்ஷனே வாத்துப் பண்ணைதான். இதைப் பாரு, யாரோ பிரிண்டரை 'ஹாக்' பண்றாங்களாம்.

கார்த்தி: ஹாக்னா பன்னி. அடுத்தவனுக்கு விடாம மொத்தத்தையும் தானே வளைச்சுப் போடுறது.

சாமிநாதன்: (குரலைத் தாழ்த்தி) பொண்ணோட பிராஜெக்ட் கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு தம்பி. அதுக்குப் பன்னியை ஏன் இழுக்கணும்? பன்னி என்னைக்குய்யா பிரிண்டர் கேட்டுச்சு?

கார்த்தி: இங்கிலீஷ்காரங்க எந்த மிருகத்தை விட்டாங்க? அவசரமா முழுங்கினா ஓநாய். பயந்து பின்வாங்கினா கோழிக்குஞ்சு. பதுக்கி வச்சா அணில். போட்டுக்கொடுத்தா எலி.

சாமிநாதன்: எலி யாரைப் போட்டுக்கொடுத்துச்சு? அந்த வேலைக்கு அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் இருக்காரே, அவர் பேரையே வினையா வச்சிருந்தா பொருத்தமா இருந்திருக்கும். கடைசியில 'ஐ ஹேட் டு பேட்ஜர் யூ'ன்னு முடிக்கிறாரு. இது என்ன ஜந்து?

கார்த்தி: வளை தோண்டி வாழுற பிராணி. மூஞ்சியில கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். பேட்ஜர் பண்றதுன்னா விடாம நச்சரிக்கிறது.

சாமிநாதன்: அது யாரை நச்சரிச்சுது?

கார்த்தி: யாரையும் இல்லண்ணே, அதான் கூத்து. நாயை ஏவி அதைக் குதற விட்டு, சுத்தி நின்னு வேடிக்கை பார்த்திருக்காங்க. பிரிட்டன்ல 1835ல சட்டம் போட்டுத் தடை பண்ண வேண்டியிருந்துச்சு. அந்தக் கொடுமையிலேர்ந்து வந்த வினைதான் இது.

சாமிநாதன்: ஏவினது மனுஷன், கடிச்சது நாய், பேரு கெட்டது மட்டும் அதுக்கா? நம்ம ஆபீஸ் விசாரணைக் கமிட்டி மாதிரியே இருக்கேய்யா!

கார்த்தி: இதுக்கே இப்படின்னா, எருமை கதையைக் கேட்டா என்ன சொல்வீங்களோ. அமெரிக்காவுல 'பஃபலோ'வுக்கு மிரட்டுறதுன்னும் ஒரு அர்த்தம். நியூயார்க் மாநிலத்துல பஃபலோன்னு ஒரு ஊரும் இருக்கு. அதனால பஃபலோங்கிற ஒரே சொல்லை எட்டு தடவை வரிசையா எழுதினா, இலக்கணப்படி முழு வாக்கியம்.

சாமிநாதன்: எட்டு எருமையை வரிசையா நிறுத்தினா அது தொழுவம்யா. என்ன அர்த்தமாம்?

கார்த்தி: பஃபலோ ஊர் எருமைங்க மிரட்டுற பஃபலோ ஊர் எருமைங்க, பஃபலோ ஊர் எருமைங்களை மிரட்டுது.

சாமிநாதன்: நம்ம ஸ்டாஃப் மீட்டிங்குன்னு ஒரே வரியில சொல்லியிருக்கலாம்ல! சரி, பதில் டைப் பண்ணு. தமிழ்லயே அடி. ஒரே எழுத்து. 'ஈ'.

கார்த்தி: பறக்கிற ஈயா?

சாமிநாதன்: ஈன்னா கொடுன்னும் அர்த்தம் உண்டு. சம்பள உயர்வுக்கு அதுக்கு மேல சுருக்கமா எவன் மனு எழுதுவான்?

கார்த்தி: வேணாம்ணே. அவரு அதை ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பார்ப்பாரு. 'ஃப்ளை'ன்னு வரும். படிச்சதும் பறந்துடுவாரு.

சாமிநாதன்: இன்க்ரிமென்ட்னு வாயைத் திறந்தாலே அதைத்தானே பண்றாரு. இந்தத் தடவை எழுத்துல கேட்டதுக்கு ரெக்கார்டாவது இருக்கட்டும். அனுப்பு.