கொடியைப் பிடுங்கக் காசு இருக்கிறது, மாற்றி நடுவதற்குத்தான் மனசு வரவில்லை

நேற்று மாலை வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. முன்பு நாங்கள் அறுவடைக்குப் போன தோட்டம், பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன போர்தோவுக்குக் கிழக்கே. வரிசை வரிசையாக நின்ற திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கி, கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டு, நடு வயலில் விறகு மாதிரிக் குவித்திருக்கிறார்கள். அனுப்பியது தோட்டக்காரம்மா. படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை.

எனக்குக் கம்பம் பக்கம். எங்கள் வீட்டிலும் பன்னீர் திராட்சைதான், அதைக் கொண்டுவந்ததே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பந்தலில் அண்ணாந்து வெட்டிப் பழகியவனுக்கு போர்தோவில் முதல் நாளே திணறிவிட்டது. அங்கே கொடி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கொத்து முழங்கால் உயரத்தில் தொங்கும். நாள் முழுக்கக் குனிந்தே வெட்ட வேண்டும், கத்தரிப் பிடியில் சாறு காய்ந்து விரலோடு ஒட்டிக்கொள்ளும், குளவி வேறு சுற்றிச் சுற்றி வரும். அதனால்தான் அந்தப் படத்தைச் சும்மா பார்த்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை.

நடப்பது இதுதான். உலகம் ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வருகிறது. 2024இல் உலகம் முழுக்கக் குடித்தது சுமார் 2,140 கோடி லிட்டர், 1961க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததே இல்லை. பிரான்சில் 1960களில் ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் போனது, இப்போது அதில் பாதிகூட இல்லை. சீனா வாங்கும் வாங்கும் என்று நம்பி நட்டவர்களுக்கு அந்தச் சந்தையும் கைவிட்டுப் போனது. குடி குறைவது நல்ல விஷயம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதன் பாரம் முழுக்க, சிறு தோட்டம் வைத்துக்கொண்டு பீப்பாய்க் கணக்கில் வியாபாரிக்கு விற்கிற விவசாயி தலையில் விழுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிரெஞ்சு அரசு என்ன செய்தது? 2023இல் விற்காத ஒயினைக் காய்ச்சி வடித்து, கை கழுவும் திரவத்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் ஆல்கஹாலாக மாற்ற 20 கோடி யூரோ ஒதுக்கியது. அதே ஆண்டு போர்தோவில் மட்டும் ஏறக்குறைய 9,500 ஹெக்டேர் கொடியைப் பிடுங்க, அங்குள்ள ஒயின் துறை அமைப்பின் பங்கையும் சேர்த்து 5.7 கோடி யூரோ, அதாவது ஹெக்டேருக்கு 6,000. நம்ம கணக்கில் இருபத்து மூன்றாயிரம் ஏக்கருக்கு மேல். அப்புறம் நாடு முழுக்க இன்னொரு திட்டம் வந்தது, அதில் ஹெக்டேருக்கு 4,000தான். கைவிட்ட தோட்டத்தில் பூச்சியும் நோயும் பெருகிப் பக்கத்துக் கொடிக்குப் பரவும், அதனால் பிடுங்கியே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வெயிலும் பனியும் வேறொரு கதை சொல்கின்றன. 2021 மார்ச் கடைசியில் வெயில் அடித்து மொட்டு முன்கூட்டியே விரிந்தது, ஏப்ரலில் உறைபனி விழுந்து கருக்கிவிட்டது. ராத்திரி முழுக்க வரிசைக்கு இடையில் மெழுகுக் கலயங்களை ஏற்றி வைத்துக் காவல் காத்தார்கள். அடுத்த ஆண்டு வறட்சி, போர்தோ இருக்கிற ழிரோந்த் மாவட்டத்தில் காட்டுத்தீ. 2023இல் மழையும் புழுக்கமும் சேர்ந்து அடிச்சாம்பல் நோய் மெர்லோ ரகத்தைத் தின்றுவிட்டது. போர்தோவின் சிவப்புத் திராட்சையில் பாதிக்கு மேல் அந்த மெர்லோதான். வெப்பம் ஏறினால் சீக்கிரம் பழுத்து, சர்க்கரை கூடி, ஒயினில் ஆல்கஹால் 14, 15 விழுக்காடு வரை போகிறது. மக்களோ லேசானதாகக் கேட்கிறார்கள்.

சரி, ரகத்தை மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் எவ்வளவு தெரியுமா? 2021இல் போர்தோ என்ற பேரில் விற்கிற ஒயினுக்கு ஆறு புது ரகங்களை அனுமதித்தார்கள். போர்ச்சுகலின் தூரிகா நசியோனால் அதில் ஒன்று, மார்சலான் இன்னொன்று. ஆனால் அவற்றைத் தோட்டத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் நடக்கூடாது, ஒயின் கலவையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பேருக்கு ஒரு மூலையில் நட்டுப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்செரா பூச்சி வேரைத் தின்று ஐரோப்பாவின் கொடிகளையே அழித்தபோது, அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். இன்று அந்த ஊர் பெருமைப்படும் ஒயினில் பெரும்பகுதி அந்த அயல் வேரில் நிற்கிற கொடியிலிருந்து வருவதுதான். அன்று வேரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு இன்று ரகத்தை மாற்ற இவ்வளவு தயக்கம் ஏன்?

விலை விஷயம் இன்னும் மோசம். அங்கே மொத்த விற்பனை தொன்னோ கணக்கில், ஒரு தொன்னோ 900 லிட்டர். வளர்த்த செலவுகூடத் தேறாத விலைக்குக் கேட்கிறார்கள், வேறு வழியில்லாமல் கொடுக்கிறார்கள். போர்தோவை அடுத்த மெடோக் பகுதி விவசாயி ஒருவர் துணிந்து வழக்குப் போட்டார். 2024 பிப்ரவரியில் போர்தோ வணிக நீதிமன்றம், அநியாயமாகக் குறைந்த விலைக்கு வாங்கியதற்காக இரண்டு வியாபாரிகள் அவருக்குச் சுமார் 3.5 லட்சம் யூரோ கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் எத்தனை பேர் தன்னிடம் வாங்குகிற வியாபாரி மேலேயே வழக்குப் போடுவார்கள்? அடுத்த ஆண்டு யாரிடம் விற்பது?

பிடுங்கக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை, நோய் தாங்கும் புது ரகத்தை நடவும், கொடி காய்க்க ஆகிற மூன்று நான்கு வருஷம் குடும்பம் சாப்பிடவும் கொடுக்கட்டும். அந்த 5 விழுக்காட்டு வரம்பைத் தூக்கட்டும். அடக்க விலைக்குக் கீழே வாங்குகிறவனை, விவசாயி நீதிமன்றம் தேடிப் போக வேண்டிய அவசியமில்லாமல், அரசே பிடிக்கட்டும்.

படத்தை ராத்திரி அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார்.

"என்னப்பா, கொடி பட்டுப்போச்சா?"

"இல்லப்பா, நல்லாத்தான் காய்ச்சிட்டிருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், எத்தனை வருஷக் கொடி என்று மட்டும் கேட்டார்.