கினி பிக் கூண்டுப் பக்கம் ரூம் ஸ்ப்ரே வேண்டாம்

"நாத்தம் தாங்கல, யாராவது எடுத்துக்கிறீங்களா?" என்று கினி பிக் படத்தோடு வரும் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. முயலை விடச் சின்ன, கொறிக்கும் செல்லப் பிராணியான அது தன்னைத் தானே நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். அதன் புழுக்கை காய்ந்து கெட்டியாக இருக்கும், பெரிதாக வாடையே இருக்காது. மூக்கைப் பொத்த வைப்பது தேங்கிக் கிடக்கும் சிறுநீர்தான். அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்க உடைக்க அம்மோனியா கிளம்புகிறது. சென்னைப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம்.

நின்றுகொண்டிருக்கும் நமக்கே வாடை வருகிறது என்றால், அந்தத் தரையிலேயே மூக்கை வைத்துப் படுத்திருக்கும் உயிருக்கு எப்படி இருக்கும்? அம்மோனியா அதன் சுவாசப் பாதையைப் புண்ணாக்கும். கினி பிக்குகளுக்கு நிமோனியா எளிதில் வரும், வந்தால் காப்பாற்றுவது கஷ்டம். கூண்டுப் பக்கத்தில் ரூம் ஸ்ப்ரே அடிப்பதையும் ஊதுபத்தி கொளுத்துவதையும் நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். மணம் நம்மைத்தான் ஏமாற்றும். அம்மோனியா அங்கேயே இருக்கும், கூடவே இன்னொரு கெமிக்கலும் அதன் நுரையீரலுக்குள் போகும்.

கூண்டுத் தரையில் பரப்ப, தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கும் மரத்தூளும் வேண்டாம். பொடி மூக்கில் ஏறும், பிளைவுட் பசையும் கலந்திருக்கலாம். சூளையில் உலர்த்தாத பைன் மரச் சீவல், சீடார் மரச் சீவல் இரண்டும் கமகமவென்று இருக்கும். அந்த மணத்தோடு வரும் ஃபீனால் என்கிற கெமிக்கல்தான் ஆபத்து.

அப்புறம் என்னதான் செய்வது? முதலில் இடம். இரண்டு கினி பிக்குக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி வேண்டும். கடையில் தரும் சின்னக் கூண்டில் எவ்வளவு துடைத்தாலும் நாறத்தான் செய்யும். அதற்காக ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், கூட்டமாக வாழ்கிற ஜீவன் அது.

புல்லை மென்றுகொண்டே கழிப்பது இவற்றின் பழக்கம். ஒரு மூலையில் தட்டு வைத்து, அதில் ஈரம் உறிஞ்சும் காகித உருண்டைகளை (பேப்பர் பெல்லட்) பரப்பி, உலர்புல்லை அதற்கு மேலே தொங்கவிடுங்கள். சிறுநீரில் பெரும்பகுதி அங்கேயே விழும். அந்தத் தட்டை மட்டும் தினமும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. மற்ற இடத்தில் கீழே பழைய டவல், மேலே ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற போர்வைத் துணி. ஃப்ளீஸைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள். ஈரம் கீழே இறங்காமல் மேலேயே தேங்கும், குட்டிகள் அதில்தான் உட்கார்ந்திருக்கும்.

தட்டின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்கும். அது சிறுநீரில் வரும் கால்சியம், சோப்புக்கு அசையாது. வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தேய்க்கும்போதே உரிந்து வரும். நன்றாகக் கழுவிக் காயவைத்து உள்ளே வையுங்கள்.

இவ்வளவும் செய்து வாடை போகவில்லையா? விலங்கைத் தூக்கிப் பாருங்கள். வயதான ஆண்களுக்கு ஆசனவாய்ப் பையில் புழுக்கை அடைத்துக்கொண்டு அழுகல் நாற்றம் வரும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கழிக்கும்போது கத்தினாலோ கல்லோ தொற்றோ இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல், சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே தூக்கிப் போங்கள்.