கேபிள்காரர் கொடுக்கும் போன்: யாருக்கு விற்றால் பிழைக்கும்?

சென்னையில் கேபிள் தொழில் செய்பவர்களிடம் பேசினால் இப்போதெல்லாம் ஒரே கவலைதான். டிவி இணைப்பு குறைந்துகொண்டே போகிறது. புதிதாகக் குடிவரும் இளம் குடும்பங்கள் செட்டாப் பாக்ஸே வேண்டாம், நெட் மட்டும் போதும் என்கிறார்கள். அதனால் பலர் பைபர் என்ற கண்ணாடி இழைக் கம்பியை இழுத்து பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதே கம்பியில் போனையும் சேர்த்துக் கொடுத்தால் வருமானம் வருமா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வரும் என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அதை வீடுகளுக்கு விற்கப் பார்ப்பது வீண் வேலை.

அமெரிக்காவில் வீடுகளுக்கு விற்றுத்தானே ஜெயித்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். அங்குள்ள கேபிள் கம்பெனிகளான கேபிள்விஷன் 2003-லும் காம்காஸ்ட் 2005-லும் இந்தச் சேவையில் இறங்கின. 2009-லேயே காம்காஸ்ட் அந்த நாட்டின் மூன்றாவது பெரிய வீட்டுத் தொலைபேசி நிறுவனமாகிவிட்டது. அங்கே பழைய போன் கம்பெனிகள் மாத வாடகை போக, வெளியூர் அழைப்புக்குத் தனியாக வாங்கிக்கொண்டிருந்தன. நாடு முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், மாதம் ஒரே தொகை என்று கேபிள் கம்பெனிகள் சொன்னதும் ஜனங்கள் மாறினார்கள்.

இங்கே குறைத்துக் காட்ட என்ன இருக்கிறது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோதே பேசுவது இலவசமாகிவிட்டது. 2018-ல் பிஎஸ்என்எல், விங்ஸ் என்ற பெயரில் ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு இன்டர்நெட் போன் கொடுத்தது. அதை வைத்திருக்கும் ஒரு வீட்டைக்கூட நான் பார்த்ததில்லை. 2020-ல் நாட்டில் சுமார் 2 கோடியாக இருந்த கம்பிவழித் தொலைபேசி இணைப்புகள் 2023 முடிவில் 3 கோடியைத் தாண்டிவிட்டன என்பதும் சரி. ஆனால் அந்த வளர்ச்சி பெரும்பாலும் பைபர் நெட்டோடு ஒட்டி வந்த போன் எண்களால்தான். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்த எண் என்னவென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. யாரும் பேசாத போனுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கடைகளின் கதை வேறு. பெரம்பூரிலோ விருகம்பாக்கத்திலோ ஒரு சின்ன கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் இருப்பது டோக்கன் போடும் பெண்ணின் சொந்த செல் நம்பர். ராத்திரி பதினொரு மணிக்கும் அவருக்குத்தான் போன் வரும். அவர் வேலையை விட்டால் நோயாளிகளின் அழைப்புகளும் அவரோடு போய்விடும். இது டாக்டருக்கும் நஷ்டம், அந்தப் பெண்ணுக்கும் அநியாயம். கேன் தண்ணிக் கடை, மெடிக்கல் ஷாப், மெஸ், டியூஷன் சென்டர் எல்லா இடத்திலும் இதேதான். இவர்களுக்கு வேண்டியது சென்னையின் 044-ல் தொடங்கும், கடையோடு இருக்கிற ஒரு எண். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் அடுத்த அழைப்பு இன்னொரு போனில் மணியடிக்க வேண்டும். கடை மூடியபின், எத்தனை மணிக்குத் திறப்போம் என்று தமிழில் சொல்ல வேண்டும். எடுக்காமல் விட்ட அழைப்புகளின் பட்டியல் காலையில் கைக்கு வர வேண்டும். ஓர் அழைப்புக்கு 100 கிலோபிட் வேகம்கூடத் தேவைப்படாது, பைபருக்கு அது ஒரு சுமையே இல்லை.

இந்த வசதிகள் ஓஎம்ஆர் சாலையின் ஐடி ஆபீஸ்களில் எப்போதோ வந்துவிட்டன. தெருக்கடைக்கு வந்து, உட்கார்ந்து, பொறுமையாகப் பொருத்திக் கொடுக்க எந்தப் பெரிய கம்பெனிக்கும் ஆள் கிடையாது. கேபிள்காரருக்கு அந்தத் தெருவே தெரியும். கோளாறு என்றால் அரை மணியில் ஆள் அனுப்புவார். கஸ்டமர் கேர் எண்ணை அழுத்தி அழுத்திச் சலித்துப்போன கடைக்காரருக்கு இதன் அருமை தெரியும், மாதம் இருநூறு முந்நூறு கொடுக்கத் தயங்கமாட்டார்.

சிக்கல்களும் இருக்கின்றன. கேபிள் ஆபரேட்டர் தானாகவே போன் சேவை கொடுத்துவிட முடியாது, உரிமம் உள்ள நிறுவனத்தோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். பிஎஸ்என்எல் உள்ளூர் ஆபரேட்டர்களோடு வருவாய்ப் பங்கு அடிப்படையில் பைபரும் போனும் கொடுக்கிறது, ஆக வழி ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம், செல் நம்பரைப்போல லேண்ட்லைன் எண்ணை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. முப்பது வருடமாக ஒரே எண்ணை வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் அதை விடமாட்டார். புதிதாகத் திறக்கும் கடைகளைத்தான் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் கரண்ட்தான். பழைய செம்புக் கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். பைபர் மோடம் கரண்ட் போன நொடியே அணைந்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த ஊரை எப்படிப் புரட்டிப்போட்டது என்று எல்லோரும் பார்த்தோம். 108-ஐக் கூப்பிட வேண்டிய கிளினிக்கில் அந்த நேரம் போன் செத்துக் கிடக்கக் கூடாது. எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில், மோடத்துக்குப் பேட்டரி கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் கடைக்காரர் தலையில் கட்டாமல், இணைப்போடு சேர்த்தே பொருத்திவிட வேண்டும். மரத்தில் சுற்றித் தொங்கும் கேபிளை வைத்துக்கொண்டு போன் விற்பது எனக்குச் சம்மதமே இல்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆபரேட்டர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், போன் வாடகையில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை பிராட்பேண்டோடு கலக்காமல் தனி வரியாக எழுதி வாங்குங்கள். நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறினாலும் கடைக்காரரின் எண் ரத்தாகாது என்ற உறுதியையும் அதே தாளில் கேளுங்கள்.